நிலாம் நானாவின் ஆட்காட்டி விரல்

போன மாதம் நான் வேலை பார்த்த பழைய இடத்திலிருந்து ஒரு பிள்ளை போன் பண்ணினாள். நான் பென்ஷன் வாங்கி வந்த பிறகு அங்கே பொலிஸ்காரர்களுக்குப் பிஸ்டல் சுடப் பழக்குகிறவள் அவள்தான். "அக்கா, புது மெஷின் வந்திருக்கு. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்றாள். வீட்டில் சும்மா உட்கார்ந்து மருமகளின் சமையலில் குறை கண்டுபிடிப்பதை விட இது நல்லது என்று கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறிவிட்டேன்.

மெஷின் நல்ல மெஷின்தான். துப்பாக்கி ரவையே வேண்டாம். திரையில் ஒரு புள்ளி விழுகிறது, பக்கத்தில் கை எப்படி ஆடியது என்று கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டுகிறது. எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை என்று மூக்கைச் சிந்துகிற ஆள் நான் இல்லை. இது அன்றைக்கு என்னிடம் இருந்திருந்தால் என் தொண்டைத் தண்ணீர் வற்றியிருக்காது. ஆனால் மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் எல்லோர் கையிலும் ஒரு ஸ்பிரிங். யூடியூப்பில் பார்த்து வாங்கியதாம். நாள் முழுக்க அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். "கைப்பிடி பலமாகிட்டா சூடு சரியா விழுந்துரும்தானே அக்கா?" என்று ஒருத்தன் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிலாம் நானாவின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவர்களுக்கு அணிவகுப்புக்கு மணி அடித்துவிட்டது. மிச்சக் கதை வயிற்றில் கிடந்து குடைகிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பொலிஸில் சேரும்போது ஆள் ஒல்லி, கையும் சின்னக் கை. முதல் நாள் பிஸ்டலைத் தந்தார்கள். ஒரு வெடி வெடித்தது, அடுத்தது வெடிக்கவில்லை. வெடித்த ரவையின் வெற்றுக் கோது வெளியே பறக்காமல் வாயிலேயே சிக்கி நின்றது. எடுத்துவிட்டுச் சுட்டேன், திரும்பவும் சிக்கியது. நான் நேராகப் போய் "சேர், இந்தப் பிஸ்டல் பழுது" என்று முறைப்பாடு செய்தேன். எங்களைப் பழக்கிய பண்டார சேர் அதை வாங்கி மகசின் முழுக்க மழை மாதிரிச் சுட்டுக் காட்டிவிட்டு, என் கையிலேயே திருப்பி வைத்தார். பிடி தளர்ந்து மணிக்கட்டு வளைந்தால் பிஸ்டல் பின்னால் போய்த் திரும்பி வர வலு கிடைக்காது, கோது சிக்கும். பழுது பிஸ்டலில் இல்லை, ராஜேஸ்வரி என்கிற என்னில். பிறகு விடுதியில் எல்லோருடைய கம்பளிப் போர்வையையும் நானே துவைத்து முறுக்கிப் பிழிந்தேன். வாளியில் அரிசியைக் கொட்டி அதற்குள் கையை விட்டு விரலை விரித்து விரித்து மூடினேன். கொஞ்ச மாதத்தில் கை தேறியது. கடைசியில் அதே பண்டார சேருக்குக் கீழே, அதே சூட்டுத் திடலில், சார்ஜன்ட் ராஜேஸ்வரியாக நானே மற்றவர்களுக்குப் பழக்க வந்தேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

பண்டார சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திடலுக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர் அவர். சத்தம் போட மாட்டார். சூட்டுத் திடலில் எல்லா அதிகாரிகளும் தூரத்துப் பலகையைப் பார்ப்பார்கள், ரவை எங்கே விழுந்தது என்று. அவர் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். சுடுகிறவனின் வலது பக்கம் ஒரு எட்டுப் பின்னால் நின்று, அவன் கையை மட்டும் பார்ப்பார். "பலகை முடிஞ்சு போன விஷயத்தைச் சொல்லும். கைதான் நடக்கப் போறதைச் சொல்லும்" என்று சிங்களத்தில் ஒருதரம் எனக்குச் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே அபூர்வம். மற்றபடி அவர் வாயில் வருவது ஒரே சொல், "ஹரி." சரி என்று அர்த்தம். ஆனால் நன்றாகச் சுட்டாலும் ஹரி, கேவலமாகச் சுட்டாலும் ஹரி. எந்த ஹரி எது என்று கண்டுபிடிக்க எனக்கு வருஷக்கணக்கானது.

அவருக்கு உலகத்தில் இரண்டு ஆசை. ஒன்று பிளாஸ்க்கில் கொண்டு வரும், பால் இல்லாத இஞ்சி பிளேன்டீ. மற்றது கெரம் ஆட்டம். பகல் சாப்பாட்டு நேரம் கென்டீனில் போர்ட்டைப் போட்டால் அந்த மனுஷன் வேறு ஆள். வருஷா வருஷம் பொலிஸ் நிலையங்களுக்கிடையில் கெரம் போட்டி நடக்கும். இரட்டையர் ஆட்டத்தில் அவரும் அவர் ஜோடியும் இறுதி வரை போவார்கள், தோற்பார்கள், ஒரு கிழமைக்கு யாரோடும் பேச மாட்டார். அந்த ஜோடிதான் நிலாம் நானா.

நிலாம் நானா அக்குறணைக்காரர், முஸ்லிம் என்பதால் எங்களுக்கு அண்ணன் இல்லை, நானா. சார்ஜன்ட். நல்ல உயரம், தொப்பை, எப்போதும் சிரித்த முகம். கண்டி நீதிமன்றத்தில் காவல் கடமை, பகல் சாப்பாட்டுக்கு எங்கள் கென்டீனுக்குத்தான் வருவார். கெரம் போர்டுக்கு முன்னால் அவர் உட்கார்ந்தால் சுற்றி ஆட்கள் கூடிவிடுவார்கள். ஆட்காட்டி விரலை வளைத்துப் பெருவிரலில் முட்டுக் கொடுத்து ஒரு சுண்டு சுண்டினால், காய் மூலைக் குழிக்குள் விழுகிற சத்தம் வெளியே கேட்கும்.

அவருக்கு வந்தது ஒரு சங்கடம். அதுவரை நீதிமன்றக் காவல் கடமைக்கு ரைபிள், நீளத் துவக்குத்தான். தோளில் அண்டக் கொடுத்து எப்படியோ தகுதிச் சூட்டில் பாஸ் பண்ணிக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கடமைக்குப் பிஸ்டல் என்று ஆக்கினார்கள். பிஸ்டலுக்குத் தோள் இல்லை, கைதான். நானா முதல் தடவை பெயில். இரண்டாவது தடவையும் பெயில். மூன்றாவதிலும் தவறினால் ஆயுதக் கடமை இல்லை, கண்டியில் அவருக்கு வேறு இடமும் இல்லை, இடமாற்றம் தூரத்தில்தான் என்று தெரிந்துவிட்டது. அவர் மனைவி பரீதாவுக்கு அப்போது சிறுநீரக வருத்தம். கிழமைக்கு இரண்டு தரம் கண்டி ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கூட்டிப்போய்க் கூட்டிவர நானாவை விட்டால் ஆள் கிடையாது, பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில்.

சிரித்த முகத்தோடுதான் என்னிடம் வந்தார். "தங்கச்சி, எனக்குக் கப்பல் மாதிரிப் பெரிய ஒதவி ஒண்டு வேணும்" என்று ஆரம்பித்தவர், பரீதாவின் பேரைச் சொல்லும்போது குரல் உடைந்து நிறுத்திவிட்டார்.  நான் வேண்டுமென்றே முகத்தைக் கடுப்பாக்கிக்கொண்டு, "நானா, அழுதா குறி தெரியாது, கண்ணைத் துடைச்சிட்டு வந்து நில்லுங்க" என்று அதட்டினேன். பண்டார சேரிடம் கேட்டேன். தினமும் கடமை முடிந்த பிறகு நானாவைப் பழக்க அனுமதி தந்தார். மூன்றாவது சோதனைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தது. கெரம் போட்டி அதற்கு அடுத்த கிழமை. அந்த வருஷத்தோடு சேருக்கு ஓய்வு, கிண்ணத்துக்கு அதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.

முதல் நாள் நானாவின் பிடியைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மனுஷன், பிஸ்டலை அப்பளம் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். ரவை எல்லாம் கீழேயும் இடது பக்கமும். வலது கைக்காரன் பிடி விட்டாலும் அப்படி விழும், விசையை வெடுக்கென்று இழுத்தாலும் அப்படி விழும். எனக்கு என் சொந்தக் கதை ஞாபகம் வந்ததால், பிடிதான் நோய் என்று முடிவு கட்டிவிட்டேன். கையை எவ்வளவு உயர வைக்கலாமோ அவ்வளவு உயரத்தில் வை, உள்ளங்கைக்கும் பிஸ்டலுக்கும் நடுவில் காற்றுப் போக இடம் விடாதே, இடது கை வலது கையைச் சுற்றி இறுக்கட்டும், இரண்டு பெருவிரலும் முன்னால் பார்க்கட்டும். அதோடு வீட்டில் ஈரச் சாக்கை முறுக்கிப் பிழிய வேண்டும், ரொட்டிக்கு மா பிசைய வேண்டும்.

மனுஷன் சொன்னதை எல்லாம் செய்தார். பரீதா எனக்குப் போன் பண்ணி, "என்ன மாயம் செஞ்சீங்க ராஜி? கலியாணம் முடிச்ச நாளிலேந்து குசினிப் பக்கம் வராத மனிசன் டெய்லி ரொட்டி சுடுறாரு, எனக்குத்தான் திண்டு முடியல்ல" என்று சிரித்தார். பக்கத்து வீடுகளுக்கும் ரொட்டி போனதாம்.

நாலைந்து கிழமையில் நானாவின் கை இரும்பாகிவிட்டது. கை குலுக்கியபோது நான் கத்திவிட்டேன். சரி என்று திடலுக்குக் கூட்டிப்போய்ச் சுடச் சொன்னேன். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், முன்பு பலகையின் ஓரத்திலாவது பட்ட ரவை இப்போது பலகைக்கு முன்னால் மண்ணைக் கிளப்பியது. கை பலமாகப் பலமாக ரவை கீழே கீழே போகிறது. நானா என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன்.

முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியத்தை அப்போதுதான் செய்தேன். மகசினில் நல்ல ரவைகளுக்கு நடுவே மருந்தில்லாத பொய் ரவைகளைக் கலந்து வைத்துக் கொடுத்தேன். எது எங்கே இருக்கிறது என்று சுடுகிறவருக்குத் தெரியாது. நல்ல ரவை வெடிக்கும்போது எல்லாம் குலுங்குவதால் கையின் தப்புத் தெரியாது. பொய் ரவை வரும்போது டிக் என்று ஒரு சத்தம் மட்டும்தான், அப்போது கை என்ன செய்கிறதோ அதுதான் உண்மை. நானாவுக்குப் பொய் ரவை வந்தது. டிக். பிஸ்டலின் மூக்கு கோழி கொத்துவது போலக் கீழே ஒரு கொத்துக் கொத்தியது. "தங்கச்சி, இது தலையாட்டுதே" என்றார் அதிர்ந்துபோய். "அது ஆட்டல, நீங்க ஆட்டுறீங்க" என்றேன். ஆட்காட்டி விரல் அசையும்போதெல்லாம் மற்ற மூன்று விரலும் கூடவே சேர்ந்து இறுகுகின்றன. முன்பு நோஞ்சான் விரல்கள் இறுகின, இப்போது ரொட்டி பிசைந்த விரல்கள் இறுகுகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

நோய் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த விரலுக்கு அந்த வெடுக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. மெதுவாக அமுக்கு, பின்பக்கமாக நேராக அமுக்கு, எப்போது வெடிக்கும் என்று உனக்கே தெரியக்கூடாது என்று நூறு விதமாகச் சொன்னேன். தலையை ஆட்டுவார், அடுத்த சூட்டில் வெடுக்.

ஒரு நாள் கென்டீனில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் கெரம். நானாவுக்கு எதிராக ஆடிய புதுப் பையன் ஒருவன் ஸ்ட்ரைக்கரை விரலால் சுண்டாமல் இழுத்துத் தள்ளிவிட்டான். சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் பவுல் என்று கத்தினார்கள். நானா முகம் சுளித்து, "தள்ளினா அது கள்ள ஆட்டம்பா, தட்டணும்" என்று சொல்லிவிட்டு, விரலை வளைத்து ஒரு சுண்டு சுண்டினார். நான் வாய்க்குக் கொண்டுபோன சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். அதே வெடுக்கு. அதே விரல். இந்த மனுஷன் சின்ன வயதிலிருந்து அந்த விரலுக்குச் சொல்லிக் கொடுத்ததே தள்ளாதே, தட்டு என்றுதான். நானோ சில நாளாக மெதுவாக அமுக்கு, அதாவது தள்ளு என்று கத்திக்கொண்டிருக்கிறேன். அங்கே தள்ளினால் பவுல், இங்கே தட்டினால் பவுல். நாற்பது வருஷத்து விரல் எதைக் கேட்கும்?

மருந்தும் அங்கேயே கிடைத்தது. தட்டிப் பழகிய கெரம் போர்டிலேயே தள்ளிப் பழக வேண்டும். ஆனால் இதைச் சேரிடம் சொல்ல வேண்டுமே. போட்டிக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. ஜோடிக்காரனின் விரலை நான் கெடுக்கப் போகிறேன். பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்று, சோதனை முடியும் வரை நானா ஒரு காயைக்கூடச் சுண்டக் கூடாது, எல்லாவற்றையும் தள்ள வேண்டும் என்று சொன்னேன். பிறகு விரல் பழையபடி வருமா என்று கேட்டார். தெரியாது சேர் என்றேன். பிளேன்டீயை முழுக்கக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவிப் பிளாஸ்க்கை மூடினார். "ஹரி" என்றார். அது எந்த ஹரி என்று எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை.

அடுத்த நாள் கண்டி மார்க்கெட்டில் குழந்தைகள் அமுக்கி விளையாடும் ரப்பர் கோழிக்குஞ்சு ஒன்று வாங்கினேன். அமுக்கினால் கீச் என்று கத்தும், விட்டாலும் காற்றை இழுத்துக்கொண்டு கத்தும். நானாவின் வலது கையில் மற்ற மூன்று விரலுக்குள் அதைக் கொடுத்தேன். சட்டம் இதுதான்: முதலில் இறுக்கிப் பிடி, ஒரு தரம் கத்தட்டும். அதற்குப் பிறகு பிடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆட்காட்டி விரலை ஸ்ட்ரைக்கரின் பின்னால் வைத்து, அது தானாக நகரும் வரை மெல்ல மெல்ல அமுக்கு. குஞ்சு வாயைத் திறக்கக் கூடாது.

முதல் நாள் அந்தக் குஞ்சு கத்திய கத்தில் சமையல்காரர் அகப்பையோடு வெளியே ஓடி வந்துவிட்டார். கென்டீனே விழுந்து விழுந்து சிரித்தது. சாம்பியன் தள்ளி விளையாடுகிறார், சாம்பியனுக்குக் கோழிக்குஞ்சு வேண்டுமாம் என்று ஆளுக்கு ஆள் நக்கல். நானாவின் முகம் சிவந்துவிட்டது. எழும்பிப் போகப் பார்த்தார். அப்போது பண்டார சேர் வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார். ஸ்ட்ரைக்கரை வைத்தார். கெரத்தில் தள்ளுகிறவனைக் கண்டால் சாப்பாட்டையே விட்டுவிட்டு எழும்பிப் போகிற மனுஷன், விரலை வைத்து, மெதுவாகத் தள்ளினார். சிரிப்பு நின்றது. அன்றிலிருந்து தினமும் பகல் நேரம் அவர்கள் இருவரும் தள்ளு கெரம் ஆடினார்கள். பார்க்கச் சகிக்காது, ஒரு காய் விழ ஒரு யுகம் ஆகும். பின்னேரங்களில் திடலில் வெறும் பிஸ்டலோடு, முன் குறிக்கு மேலே ஒரு சில்லறைக் காசை வைத்துவிட்டு விசையை அமுக்கப் பழக்கினேன். காசு விழுந்தால் திரும்ப முதலிலிருந்து. நாளுக்கு நாள் குஞ்சு கத்துவது குறைந்தது, காசு விழுவதும் குறைந்தது.

சோதனைக்கு வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். காலையில் மலையிலிருந்து இறங்கிய பனி திடலை விட்டுப் போகவில்லை. நானா வரும்போதே, "பரீதா மாத்திர தின்ன மறந்தாலும் எனக்காகத் தொழுது துஆ கேக்க மறக்கல்ல" என்றார். சிரித்தார். ஆனால் உதடு காய்ந்திருந்தது.  

முதல் மகசின் நன்றாகப் போனது. பலகையில் துளைகள் நடுவைச் சுற்றி விழுந்தன. இரண்டாவதில் ஒன்று மட்டும் விலகியது. கடைசி மகசின். இரண்டு வெடி வெடித்தது. மூன்றாவதற்கு அவர் அமுக்கினார், டிக். வெடிக்கவில்லை. நான் வைத்த பொய் ரவை இல்லை அது, உண்மையாகவே ஒரு பழுது ரவை. எப்போதாவது ஒன்று அப்படி அகப்படும், யாரும் எதிர்பார்ப்பதில்லை. என் கண் அவர் கையில் இருந்தது. பிஸ்டலின் மூக்கு அசையவில்லை. ஒரு நூல் அசையவில்லை. சுவரில் அடித்த ஆணி மாதிரி அப்படியே நின்றது. நானா பழக்கியபடி மகசினின் அடியைத் தட்டி, மேல்பாகத்தை இழுத்துப் பழுது ரவையை வெளியே தள்ளி, மீதியைச் சுட்டு முடித்தார். வந்த அதிகாரி பலகையைப் பார்க்கப் போனார். பண்டார சேர் போகவில்லை. கையைப் பார்த்தபடியே "ஹரி" என்றார். இந்தத் தடவை எந்த ஹரி என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

நானா பாஸ். அங்கேயே நின்று பரீதாவுக்குப் போன் பண்ணினார். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இந்தப் பக்கம் ஆறடி மனுஷன் பிள்ளை மாதிரித் தேம்பினார். நானும் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்?

அடுத்த கிழமை கெரம் போட்டி. ஒரு கிழமை முழுக்க நானா பழையபடி சுண்டிச் சுண்டிப் பார்த்தார். விரல் திரும்பிவிட்டது என்றே எல்லோரும் நம்பினோம். இறுதி ஆட்டம் வரை இருவரும் போனார்கள். கடைசி போர்ட்டில் நானா சிவப்புக் காயை விழுத்தினார், மண்டபமே அதிர்ந்தது. அதைத் தொடர்ந்து சொந்தக் காய் ஒன்றை விழுத்தினால் கிண்ணம் அவர்களுக்கு. காய் குழியின் வாயிலேயே உட்கார்ந்திருந்தது. சின்னப் பிள்ளையும் போடும். நானா ஸ்ட்ரைக்கரை வைத்தார். மூச்சைப் பிடித்தார். திடலில் போலவே நின்று நிதானித்து, ஆட்காட்டி விரலை அதன் பின்னால் வைத்து, மெல்ல மெல்ல அமுக்கினார்.

நடுவர் பவுல் என்றார். காய் குழிக்குள் விழுந்தது கணக்கில் வரவில்லை. கிண்ணம் போய்விட்டது.

 நானா தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.  இத்தனை வருஷம் கிண்ணத்துக்கு ஏங்கிய மனுஷனின் கடைசி ஆட்டம், அதைக் கெடுத்தது நான் பழக்கிய பழக்கம். பண்டார சேர் போர்ட்டைப் பார்க்கவில்லை, கிண்ணம் இருந்த மேசையையும் பார்க்கவில்லை. எட்டி நானாவின் வலது கையைப் பிடித்து, எனக்குத் தெரிகிற மாதிரித் தூக்கிக் காட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ராஜேஸ்வரி, பார்த்தியா?" என்றார். "மற்ற மூணு விரலும் அசையவே இல்ல."